புது டிஎஸ்எல்ஆர் வாங்கியதும் முதல் வாரம்: நிகான் டி7500-ஐ நான் சோதித்த விதம், படிப்படியாக

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். வாங்கிய மறுநாளே தங்கை கல்யாணம். பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, மணமேடையில் எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடிக்கக் கொடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. வலது ஓரத்தில் நின்ற சித்தப்பாவும் சித்தியும் மட்டும் மங்கலாக இருந்தார்கள். இடது ஓரத்தில் நின்றவர்களின் பட்டுச்சேலைக் கரையில் இழை எண்ணலாம். பழைய படங்களையெல்லாம் திறந்து பார்த்தால் ஒன்று விடாமல் வலது பக்கம் அப்படித்தான். லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கடையில் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் சித்தப்பா இப்போது இல்லை. அன்று அவரை எடுத்ததில் தெளிவான படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அதனால்தான் டி7500 கைக்கு வந்ததும் ஒரு வாரம் முக்கியமான எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த ஒரு வாரமும் கேமராவிடம் கேள்வி கேட்பது மட்டும்தான் வேலை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. படம் சரியில்லை என்றால் குற்றம் கேமராவிலா, லென்ஸிலா, கையிலா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை "இந்தக் கேமரா சரியில்லப்பா" என்பதிலும் "சூப்பர் கேமரா" என்பதிலும் பொருள் இல்லை.

எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது நிகான் டி90. 2008-ல் வந்தது, 12.3 மெகாபிக்ஸல், 11 ஃபோகஸ் புள்ளிகள். டி7500 அறிமுகமானது 2017 ஏப்ரலில். 20.9 மெகாபிக்ஸல், 51 ஃபோகஸ் புள்ளிகள், விநாடிக்கு 8 படம். முந்தைய வருஷம் வந்த டி500-ல் இருக்கும் அதே தெளிவுத்திறன், அதே எக்ஸ்பீட் 5 செயலி. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு மாடலை வைத்துத்தான். ஆனால் கேனானோ பென்டாக்ஸோ எது வைத்திருந்தாலும் சோதனை இதேதான், மெனுவில் பெயர்கள் மட்டும் மாறும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

பெட்டியைக் கடைக்காரர் முன்னால் பிரியுங்கள். நல்ல கடைக்காரர் அவரே சொல்லுவார்: "தம்பி, இங்கேயே பிரிச்சு எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோங்க." பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண், கேமராவின் அடிப்பக்கத்து எண், உத்தரவாத அட்டையில் எழுதிய எண், மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பில்லிலும் அதே எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து மூடியைக் கழற்றி, லென்ஸ் மாட்டும் உலோக வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பலமுறை லென்ஸ் மாட்டிக் கழற்றிய கேமரா என்றால் அந்த வளையத்தில் வட்டமாக மெல்லிய கீறல் ஓடியிருக்கும். திருகாணித் தலைகளில் ஸ்குரூடிரைவர் பட்ட தடம் இருந்தாலும் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்ஸ் கண்ணாடியை விரலால் தொடவே கூடாது, தூசி தெரிந்தாலும் ஊதக் கூடாது. வாய்க்காற்றில் எச்சில் போகும்.

வீட்டுக்கு வந்து எடுத்த முதல் ஜேபெக் படத்தைக் கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலில் திறந்தால், நிகான் படங்களில் ஷட்டர் எண்ணிக்கை அப்படியே தெரியும். புதுக் கேமராவில் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை, தொழிற்சாலைச் சோதனையில் சில படங்கள் போயிருக்கலாம். ஆயிரக்கணக்கில் காட்டினால் மட்டும் மறுநாளே கடைக்குப் போங்கள். பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம். டி7500-இன் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது என்று நிகான் சொல்கிறது.

கண்ணுக்கு ஏற்ப டயாப்டர்

இதைச் செய்யாமல் ஃபோகஸ் சரியில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் டயாப்டர் என்ற ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அதைத் திருப்புங்கள். வெளியே உள்ள காட்சியைக் கவனிக்க வேண்டாம், உள்ளே தெரியும் ஃபோகஸ் சட்டமும் கீழே உள்ள எண்களும் எப்போது கூர்மையாகின்றன என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் படம் எடுக்கும்போது கண்ணாடியோடுதான் இருப்பீர்கள் என்றால் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

டி90-இலிருந்து வந்தவன் என்பதால் இங்கே எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடி ஆழமாக இருக்கிறது. நான்கு விரலும் உள்ளே மடங்கி உட்காருகின்றன. உடல் மட்டும் 640 கிராம், பேட்டரியும் கார்டும் போட்டால் 720. வியூஃபைண்டர் பெரியது, நீங்கள் பார்ப்பதும் படத்தில் வருவதும் ஏறக்குறைய நூறு சதவீதம் ஒன்றே. ஷட்டர் சத்தம் பழையதைவிட மென்மை. கோயில் மண்டபத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மெமரி கார்டு

சுருக்கமாக முடிக்கிறேன். டி7500-க்கு ஒரே ஒரு எஸ்டி கார்டு இடம்தான். இதற்கு முந்தைய டி7200-இல் இரண்டு இருந்தன, ஆகவே இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. ஒரே கார்டை நம்ப வேண்டியிருப்பதால் அது போலியா என்று பாருங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுக்க எழுதி, மறுபடி படித்து ஒப்பிட்டுச் சொல்லும். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் கார்டுகள் சந்தையில் உண்டு. சோதனை முடிந்ததும் கேமராவுக்குள் வைத்து ஃபார்மேட் செய்யுங்கள்.

சென்சார்: இருட்டில் ஒரு கேள்வி, வெளிச்சத்தில் ஒரு கேள்வி

இருட்டில் கேட்பது, வெளிச்சமே இல்லாதபோதும் எரிந்து நிற்கும் பிக்ஸல் இருக்கிறதா என்று. லென்ஸ் மூடியைப் போடுங்கள். வியூஃபைண்டர் வழியாகவும் வெளிச்சம் உள்ளே கசியும், ஆகவே பெட்டிக்குள் வரும் சிறிய ஐபீஸ் மூடியை மாட்டுங்கள் அல்லது கறுப்புத் துணியால் போர்த்துங்கள். மேனுவல் ஃபோகஸ், மேனுவல் எக்ஸ்போஷர் (சென்சாரில் விழும் வெளிச்சத்தின் அளவு). நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை மெனுவில் அணைத்துவிடுங்கள். முதலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100-இல் 1/100 விநாடி. பிறகு ஐஎஸ்ஓ 1600-இல் 1 விநாடி. கடைசியாக 30 விநாடி.

முதல் படத்தை நூறு சதவீத அளவில் திறந்து ஓரத்திலிருந்து ஓரம் பாருங்கள். அதிலேயே சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி எரிந்தால் அது பிழை, மாற்றக் கேட்கலாம். 30 விநாடிப் படத்தில் பத்து இருபது வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் பதறாதீர்கள். சென்சார் சூடாகும்போது அது எல்லாக் கேமராவிலும் வருவதுதான். ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) திறக்கும் சில மென்பொருள்கள் இந்தப் புள்ளிகளைக் கேட்காமலே மறைத்துவிடும். அதனால் இந்தச் சோதனைக்குக் கேமரா தந்த ஜேபெக்கையே பாருங்கள். என் டி7500-இல் குறுகிய எக்ஸ்போஷரில் ஒன்றுமில்லை. 30 விநாடியில் ஏழு புள்ளி எண்ணினேன். அவற்றின் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தில் கேட்பது தூசி. எஃப்16 அல்லது எஃப்22 (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ 100, ஃபோகஸைச் சுத்தமாக விலக்கி, மேகமில்லாத வானத்தை அல்லது வெள்ளைச் சுவரை எடுங்கள். மெதுவான ஷட்டர் வேகம் வந்தால் எடுக்கும்போதே கேமராவை லேசாக அசைக்கலாம், சுவரின் கறைகள் கலைந்து சென்சார் தூசி மட்டும் அசையாமல் நிற்கும். திறந்த துளையில் தூசி தெரியாது, துளை சிறுக்கச் சிறுக்கத்தான் அதன் நிழல் கூர்மையாகும். படத்தில் மேலே இடது மூலையில் புள்ளி தெரிந்தால், கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது தூசி இருப்பது கீழே இடது மூலையில். மெனுவில் உள்ள சென்சார் சுத்தத்தை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். போகவில்லை என்றால் ரப்பர் காற்றுப் பந்து.

இந்த ஒரு சோதனையை ஆயிரம் படம் எடுத்த பிறகு மறுபடியும் செய்யுங்கள். 2012-இல் வந்த டி600-இல் எடுக்க எடுக்கத்தான் சென்சாரில் புள்ளிகள் சேர்ந்தன. 2013 பிப்ரவரியில் நிகானே அது குறித்து அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. புதிதில் சுத்தமாக இருப்பது பாதிப் பதில்தான்.

லென்ஸ்: ஒரு நாளிதழும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

தங்கை கல்யாணப் படம் எனக்குக் கற்பித்த சோதனை இது. நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை எடுத்து ஐந்து துண்டாக வெட்டுங்கள். சுவரில் நடுவில் ஒன்று, நான்கு மூலையில் நான்கு, வியூஃபைண்டரில் தெரியும் எல்லைக்குச் சற்று உள்ளே வருமாறு ஒட்டுங்கள். அந்தப் பொடி எழுத்தைவிட நல்ல சோதனை அட்டை விலைக்குக் கிடைக்காது.

கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கண்ணளவில் நேராக வைத்தால் ஏமாந்துபோவீர்கள். சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுவரில், நடுத்துண்டின் மேல், தட்டையாக ஒட்டுங்கள். டிரைபாடில் வைத்த கேமராவின் வியூஃபைண்டரில் பார்த்தபடி, அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸின் வட்டம் நட்ட நடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்துங்கள். லென்ஸ் தன்னையே பார்த்துக்கொள்ளும் அந்த நிலையில் கேமரா சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு எடுக்கத் தொடங்குங்கள்.

என் லென்ஸ் 18-140. அதிர்வுத் தடுப்பை அணைத்து, மிரர் அப் (ரிஃப்ளெக்ஸ் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைப்பது) வைத்து, ரிமோட்டிலோ டைமரிலோ, 18, 35, 70, 140 மி.மீ. நான்கிலும் முழுத் துளையில் ஒன்று, எஃப்8-இல் ஒன்று எடுத்தேன். மூலைகள் நடுவைவிட மங்கலாகத்தான் இருக்கும், அது இயல்பு. நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் மட்டும் மோசம் என்றால் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மறுபடி எடுங்கள். மங்கல் படத்தின் அதே பக்கத்திலேயே இருந்தால் லென்ஸ் குற்றம். எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் சுவர் நேராக இல்லை, மறுபடி கண்ணாடியை ஒட்டுங்கள்.

என் 18-140, 18-இல் மூலைகள் கொஞ்சம் மெத்தென்று, ஆனால் நாலும் ஒன்றுபோல. 140-இல் முழுத் துளையில் சற்றுத் தளர்வு, எஃப்8-க்கு வந்ததும் எழுத்துக்கள் நிமிர்ந்துவிட்டன. எஃப்16-க்குப் போனால் மறுபடி எல்லாமே மழுங்குகிறது. இந்த அளவு நெருக்கமான பிக்ஸல்களில் எஃப்11-க்கு மேல் ஒளிச்சிதறல் தெரியத் தொடங்கும். இயற்கைக் காட்சிக்கு எஃப்8 போதும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஃபோகஸ்: ஐந்து தீப்பெட்டிகள்

மொத்த வாரத்தில் அதிக நேரம் போனது இதற்குத்தான்.

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் வியூஃபைண்டரில் பார்த்து ஃபோகஸ் செய்யும்போது, சென்சார் அதில் கலந்துகொள்வதே இல்லை. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி, பெரிய ரிஃப்ளெக்ஸ் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் அலகுக்குப் போகிறது. அந்த அலகுக்குப் போகும் தூரமும் சென்சாருக்குப் போகும் தூரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால், கேமரா "ஃபோகஸ் ஆயிற்று" என்று பீப் அடிக்கும், படத்தில் கண்ணுக்குப் பதில் மூக்கு நுனி கூர்மையாக இருக்கும். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் அப்படியில்லை. சென்சாரே பார்த்துச் சொல்வதால் மெதுவாக இருந்தாலும் பிசகாது. இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் சோதனை.

அகலத் துளை லென்ஸில்தான் இது வெளிப்படும். என்னிடம் இருப்பது 50 மி.மீ. எஃப்1.8. மேசையில் ஐந்து தீப்பெட்டிகளை நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதற்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால், படிக்கட்டு போல. பக்கவாட்டில் ஒரு பெட்டி அகலம் இடைவெளி விடுங்கள். நீங்கள் வியூஃபைண்டரில் பார்க்கும் ஃபோகஸ் சதுரத்தைவிட உண்மையில் ஃபோகஸ் பார்க்கும் இடம் கொஞ்சம் பெரியது, பக்கத்துப் பெட்டியைப் பிடித்துவிடக் கூடாது. கேமராவை நடுப்பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் டிரைபாடில் வையுங்கள். அந்தத் தூரத்தில் எஃப்1.8-இல் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான், அதிலும் நல்ல கூர்மை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே.

நடு ஃபோகஸ் புள்ளி, ஒற்றை ஃபோகஸ். ஒவ்வொரு முறையும் லென்ஸை முழுக்க விலக்கிவிட்டு, ஃபோகஸ் செய்து எடுங்கள். அருகிலிருந்து வரவைத்து ஐந்து, தூரத்திலிருந்து வரவைத்து ஐந்து. பிறகு லைவ் வியூவில் மூன்று. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், டியூப் லைட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

என் பெட்டிகள் சிவகாசியில் அச்சான சாதாரணத் தீப்பெட்டிகள். லேபிளில் சிவப்பின் மேல் பொடிப்பொடியாக அச்சுப்புள்ளிகள். லைவ் வியூ படங்களில் நடுப்பெட்டியின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வியூஃபைண்டரில் எடுத்த பத்தில் எட்டில், நடுப்பெட்டியின் புள்ளிகள் கரைந்து வெறும் சிவப்பாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் நின்ற பெட்டியில் புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. ஆக, ஃபோகஸ் முன்னால் விழுகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் இருந்தால் 50 மி.மீ. லென்ஸையே குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இதைச் சரிசெய்ய டி7500-இல் ஒரு வழி இருக்கிறது, டி90-இல் இல்லாதது. செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூனை (ஆட்டோ ஃபோகஸ் நுண்திருத்தம்) ஆன் செய்யுங்கள். முழுத் துளையில், டிரைபாடில், லைவ் வியூவில் நடுப்புள்ளியால் நடுப்பெட்டியை ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ஏஎஃப் மோட் பொத்தானையும் வீடியோ பொத்தானையும் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். லைவ் வியூவுக்கும் ஃபோகஸ் அலகுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேமராவே கணக்கிட்டு அந்த லென்ஸுக்கென்று சேமித்துக்கொள்ளும். ஒருமுறை வந்த எண்ணை நம்ப வேண்டாம். நான் மூன்று முறை ஓட்டினேன்: +7, +6, +8. ஏழை வைத்துக்கொண்டேன். அளவு மைனஸ் 20-இலிருந்து பிளஸ் 20 வரை. பிளஸ் என்றால் ஃபோகஸ் பின்னால் தள்ளப்படுகிறது.

பிறகு நான் வழக்கமாக ஆட்களை எடுக்கும் தூரமான மூன்று மீட்டரில், அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துச் சரிபார்த்தேன். "இன்னும் எத்தனை எடுப்ப?" என்று கேட்டபடி அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். புருவத்தின் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருந்தது. தீப்பெட்டியில் சரியாகி, நிஜத் தூரத்தில் பிசகினால் நிஜத் தூரத்துக்கே முன்னுரிமை கொடுங்கள். ஜூம் லென்ஸுக்கு ஒரே ஓர் எண்தான் வைக்க முடியும். ஆகவே நீங்கள் அதிகம் பயன்படுத்தும் குவியத் தூரத்தில் சரிசெய்யுங்கள். எண் 20-ஐ முட்டியும் சரியாகவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு உடலையும் லென்ஸையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த வசதி இல்லாத தொடக்கநிலைக் கேமராக்களுக்கும் அதுவே வழி.

வெளிச்சம் குறையும்போது

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சமையலறையில் ஒரே காட்சி: எவர்சில்வர் டம்ளர், கறுத்த இரும்பு வாணலி, மஞ்சள் தூள் டப்பா. ஐஎஸ்ஓ 100-இலிருந்து இரட்டிப்பாக்கிக்கொண்டே 51,200 வரை டிரைபாடில் எடுங்கள். ஜேபெக்கும் ராவும் சேர்த்து. வாணலியின் கறுப்பில் மண் தூவினாற்போல் எப்போது தெரிகிறது, மஞ்சள் தூளின் நிறம் எப்போது வெளிறுகிறது என்று கவனியுங்கள். என் கண்ணுக்கு 3200 வரை கவலையே இல்லை. 6400 வீட்டுப் படங்களுக்கும் பத்துக்குப் பதினைந்து பிரிண்டுக்கும் தாங்கும். 12,800-ஐ வேறு வழியில்லாதபோது தொடுவேன். அதற்கு மேலே உள்ள எண்களை என்னைப் பொறுத்தவரை மறந்துவிடலாம். டி90-இல் 1600-லேயே தயங்கியவன் நான்.

இன்னொரு சோதனை பலரும் செய்வதில்லை. ஒரே துளை, ஒரே ஷட்டர் வேகம் வைத்து, ஐஎஸ்ஓ 1600-இல் ஒரு ரா, ஐஎஸ்ஓ 100-இல் ஒரு ரா எடுங்கள். இரண்டாவது கன்னங்கரேல் என்று வரும். கணினியில் அதை நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் டி7500-இல் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இந்தச் சென்சார் நிழலுக்குள் அவ்வளவு விவரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் பயன் வெளியே போனால் தெரியும்.

மறுநாள் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரைக்குப் போனேன். சூரியன் மைய மண்டபத்துக்குப் பின்னால் எழும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மண்டபம் கரிக்கட்டை, மண்டபத்துக்கு வைத்தால் வானம் வெள்ளைக் காகிதம். வானம் வெளிறாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து ராவில் எடுத்தேன். வீட்டில் நிழலை மட்டும் தூக்கியபோது மண்டபத் தூண்களும் படிக்கட்டின் கல் இடுக்குகளும் அழுக்கில்லாமல் வெளியே வந்தன. டி90-இல் இதைச் செய்தால் தூண்களில் கோடுகோடாய் ஊதாக்கறை வரும். இந்தக் கேமராவில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

வேட்டியும் முகமும்

நம்மூர்க் கேமராக்காரர்களின் நிரந்தரச் சிக்கல் வெயிலில் வெள்ளை வேட்டி, கறுத்த முகம். டி7500-இல் ஹைலைட் வெயிட்டட் என்று, பளிச்சென்ற பகுதி வெளிறாமல் காக்கும் ஓர் அளவீட்டு முறை உண்டு. பக்கத்து வீட்டு மாமாவை மதிய வெயிலில் நிறுத்தி மேட்ரிக்ஸ் (காட்சி முழுவதையும் அளக்கும் முறை), ஹைலைட் இரண்டிலும் எடுத்தேன். மேட்ரிக்ஸில் முகம் நன்றாக, வேட்டி மடிப்பு அழிந்து போயிற்று. ஹைலைட்டில் வேட்டி மடிப்பு அத்தனையும் இருந்தது, முகம் இருண்டது. ராவில் எடுத்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து முகத்தைத் தூக்கிக்கொள்ளலாம். ஜேபெக்கை நேராகக் கொடுக்க வேண்டியவர்கள் மேட்ரிக்ஸில் வைத்து மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்வது நல்லது என்பது என் கணிப்பு.

டியூப் லைட்டின் கீழ் 1/250-இல் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்துப் பாருங்கள். சில படம் பளிச்சென்றும் சில மங்கலாகவும், சிலதில் பாதிப் படம் மஞ்சளாகவும் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. கேமரா குற்றம் இல்லை. மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பை ஆன் செய்தால் விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்துக் கேமரா எடுக்கும், வேகம் சற்றுக் குறையும். கல்யாண மண்டபத்தில் இதை ஆனிலேயே வையுங்கள்.

ஓடுவதைப் பிடிப்பது

தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள், டவுன் பஸ் நம்மை நோக்கி வரும். இரண்டுமே நல்ல சோதனை. தொடர் ஃபோகஸ், குரூப் ஏரியா (சில ஃபோகஸ் புள்ளிகள் சேர்ந்து பிடிப்பது), 1/1000, விநாடிக்கு 8 படம். நேராக நம்மை நோக்கி வருவதுதான் கடினமான பரீட்சை, குறுக்கே போவது எளிது. தொடர்ச்சியாக எடுத்த எல்லாவற்றையும் அழிக்காமல் வீட்டில் நூறு சதவீதத்தில் எண்ணுங்கள். என் மூன்றாவது நாள் கணக்கு: சைக்கிளில் 40-க்கு 31 கூர்மை, முதலிரண்டு படங்கள் அடிக்கடி நழுவின. தொழிற்சாலை அமைப்பில் தொடர் ஃபோகஸ் ஷட்டருக்கே முன்னுரிமை தரும், ஃபோகஸ் ஆகாவிட்டாலும் படம் விழும். கஸ்டம் அமைப்பில் ஏஎஃப்-சி முன்னுரிமையை மாற்றியதும் அந்த முதல் படங்கள் திருந்தின. 14 பிட் ராவில் 50 படம் வரை மூச்சு விடாமல் எடுக்கிறது, ஏறக்குறைய ஆறு விநாடி. பறவை எடுப்பவர்களுக்கு அது தாராளம்.

வீடியோ பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 4கே-யில் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. சென்சார் சிறியது என்பதால் ஏற்கெனவே உள்ள 1.5 மடங்கு வெட்டுக்கு மேல் இன்னொரு 1.5 மடங்கு. ஆக 18 மி.மீ. லென்ஸ் சுமார் 40 மி.மீ. போல நடந்துகொள்ளும். சின்ன அறைக்குள் எடுக்க இடம் போதாது. வீட்டு விசேஷத்துக்கு முழு எச்டி-யே வசதி.

ஏழாவது நாள்

பேட்டரியை முழுக்க ஏற்றி, தீரும்வரை ஓட்டிப் பாருங்கள். சிஐபிஏ (ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம்) கணக்கில் 950 படம். திரையை அதிகம் பார்க்காமல் வெயிலில் எடுத்தபோது நான் அதைத் தாண்டினேன். லைவ் வியூவில் ஃபோகஸ் சோதனை செய்த நாளில் பாதிகூட வரவில்லை.

அதற்குள் கை பழகியிருக்கும். டயலில் யூ1, யூ2 என்று இரண்டு இடம் உண்டு. வாரம் முழுக்க நோட்டில் எழுதியதை அங்கே சேமித்தேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அந்தக் காலைப்பொழுதுக்கென்றே இரண்டையும் அமைத்தேன். யூ1 வெளுக்கும் முன்: 50 மி.மீ., எஃப்2, குறைந்தபட்சம் 1/250, ஆட்டோ ஐஎஸ்ஓ 6400 வரை. யூ2 வெளுத்த பின்: 18-140, எஃப்8, 1/500, ஐஎஸ்ஓ 3200 வரை, ஹைலைட் அளவீடு, தொடர் ஃபோகஸ். இரண்டாவது பேட்டரி வலது பையில். கார்டு இடம் ஒன்றுதான் என்பதால், 64 ஜிபி ஒன்றுக்குப் பதில் 16 ஜிபி நான்கு எடுத்துப்போகிறேன். நிறைந்த கார்டு சட்டையின் உள்பையில், வெறும் கார்டு வெளிப்பையில்.